பட்டங்களுக்குப் பின்னால் சில கடிதங்கள்

ஆழ்வார்பேட்டைத் தெருக்களில் நடக்கும்போது வாயில்தோறும் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகைகள் நம் கண்ணில் படுகின்றன. பெயர் சிறிது; அதன் பின்னே அணிவகுத்து வரும் பட்டங்கள் பெரிது. அதைக் குறை கூற நாம் எழுதவில்லை. கற்றவன் தன் கல்வியை வாயிலிலே எழுதி வைப்பதில் தவறென்ன? ஆயினும் ஒரு வினா நம் உள்ளத்தில் எழாமலில்லை. இந்தப் பட்டங்களுக்கு யார் விலை கொடுத்தார்கள்? பாட்டன் விட்டுச் சென்ற நஞ்சையா? தந்தையாரின் வக்கீல் வருமானமா? அல்லது, வீட்டிலே அரை வயிற்றோடு ஒருத்தி காத்திருந்தாளா?

எம்.ஏ., பிஎச்.டி., எம்.எஸ்சி., டி.எஸ்சி., பாரிஸ்டர்! இத்தனையும் ஒரே பெயருக்குப் பின்னால் நின்றன. அந்தப் பெயர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர். அவருடைய கருத்துரைகளை நம் தோழர்கள் நன்கு அறிவர். லாகூரிலே பேச இடம் மறுக்கப்பட்ட அவரது உரையைத் தமிழாக்கி நாடறியச் செய்தவர் பெரியார். ஆனால் மேடைக்கு அப்பால், பள்ளியைப் பற்றியும் பல்கலைக்கழகத்தைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் அவர் எழுதிய கடிதங்களைப் படித்தவர் எத்தனை பேர்?

1913ஆம் ஆண்டு. தந்தை மறைந்து ஆறு திங்கள்தாம் ஆகியிருந்தன. பரோடா மன்னர் சாயாஜிராவ் அளித்த திங்களுக்குப் பதினொன்றரைப் பவுன் உதவித்தொகையை நம்பி, இருபத்திரண்டு வயது இளைஞர் நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கால் வைக்கிறார். அந்த ஆகஸ்டிலேயே, படையில் ஜமேதாராயிருந்த தந்தையின் நண்பருக்கு ஒரு மடல் விடுக்கிறார். ஊர்ப் புதுமைகளை வியந்து எழுதும் வயது. ஆனால் அவர் எழுதியது வேறு. பெற்றோர் பிறப்பைத்தான் தருகிறார்கள், மற்றதை ஊழ் பார்த்துக்கொள்ளும் என்ற பழைய நம்பிக்கையை விட்டொழிக்க வேண்டும். பிள்ளையின் வாழ்வை ஆக்கும் ஆற்றல் பெற்றோரிடமே இருக்கிறது. ஆண் கல்வியோடு பெண் கல்வியும் சேர்ந்து நடந்தால் நம் மக்களின் முன்னேற்றம் விரைவு பெறும். உங்கள் மகளே அதற்குச் சான்று! இதுதான் அக்கடிதத்தின் சாரம். தலையெழுத்துத் தத்துவத்தின் தலையிலே, கடல் கடந்த சில நாட்களிலேயே, அவர் வைத்த குட்டு அது.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். பெண் கல்வியின் பெருமையைப் பேசிய அந்த இளைஞரின் மனைவி ரமாபாய் எங்கே இருந்தார்? பம்பாய்ப் பரேலில், தொழிலாளர் குடியிருப்பின் சிற்றறையில், கைக்குழந்தை யசுவந்தோடு இருந்தார். ஒன்பது வயதில், பைகுல்லாச் சந்தையின் கொட்டகையிலே, இரவு நேரத்தில் மணம் முடிக்கப்பட்டவர். கல்லூரி வாயிலை அவர் கண்டதில்லை. நண்பரின் மகளுக்குக் கூறிய நற்செய்தி தம் மனைவிக்கு எட்டவில்லையே என்று கேட்டால், அது நேர்மையான கேள்விதான். அம்பேத்கரிடம் மதிப்புடையோர் அதைக் கேட்க அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் குற்றத்தை அவர் தலையில் மட்டும் சுமத்த நமக்கு மனமில்லை. குழந்தை மணத்தை விதித்த சமுதாயம் முதல் கூண்டில் நிற்கட்டும்!

1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். மீண்டும் வந்து படிக்க அப்பல்கலைக்கழகம் நான்காண்டுத் தவணை தந்திருந்தது. பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகி, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பார்சி நண்பர் நவல் பதேனாவிடம் கடனும் பெற்று, 1920இல் மறுபடி கப்பலேறினார். கணவர் பணம் சேர்க்கிறார் என்றால், வீட்டிலே மனைவி கையைச் சுருக்குகிறார் என்று பொருள்.

அப்போது ரூபாய் வீழ்ந்தது. 1920இன் தொடக்கத்தில் இரண்டு ஷில்லிங்குக்கு மேல் விலை போன ரூபாய், மறு ஆண்டிலே ஒன்றரை ஷில்லிங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. ரூபாயாய்ச் சேர்த்தது லண்டனில் பவுனாக மாறும்போது கரைந்துபோயிற்று. அவர் டி.எஸ்சி. பட்டத்திற்கு எடுத்துக்கொண்ட ஆராய்ச்சியும் ரூபாயின் சிக்கலே! ஏட்டிலே ஆராய்ந்த நோய் அவரது பையிலேயே புகுந்திருந்தது. 1921 செப்டம்பரில் கோலாப்பூர் மன்னர் சாகு மகராசருக்குக் கடிதம் எழுதி, இருநூறு பவுன் கடன் கேட்டார். ஊர் திரும்பியதும் வட்டியோடு தருவதாகவும் சொன்னார். கொடையாக அன்று, கடனாக! அதே ஆண்டின் பிப்ரவரியில் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்திற்கு இடம் கேட்டு, ஜெர்மன் மொழியிலேயே தம் கைப்பட எழுதினார். பள்ளியில் சமஸ்கிருதம் மறுக்கப்பட்டுப் பாரசீகம் படிக்க நேர்ந்தவர் அவர் என்பதை நினைத்துக்கொண்டு அந்தச் செய்தியைப் படிக்க வேண்டும்.

இதே நாட்டில் இன்னொரு தந்தை, மகனை ஹாரோ பள்ளியில் சேர்க்க 1905இல் குடும்பத்தோடு இங்கிலாந்து சென்றார். மோதிலால் நேரு மகனுக்கு எழுதிய கடிதங்களில் பாசம் உண்டு, அக்கறை உண்டு. அடுத்த மாதச் செலவுக்கு என்ன செய்வது என்ற கவலைக்கு அங்கே இடமில்லை.

பாரிஸ்டராய்த் திரும்பிய அம்பேத்கரின் வீட்டிலே செல்வம் புகவில்லை, சாவு புகுந்தது. 1926 ஆகஸ்டில், கடைசி மகன் ராஜரத்னாவைப் பறிகொடுத்த பின், கோலாப்பூர் நண்பர் தத்தோபா பவாருக்கு எழுதினார். மூன்று ஆண் மக்களையும் ஒரு மகளையும் மண்ணுக்குக் கொடுத்துவிட்டோம். நானும் மனைவியும் இதிலிருந்து மீளவில்லை. வாழ்வின் சுவையே போய்விட்டது என்னும் கருத்துப்பட எழுதிய மடல் அது. சட்டசபையில் சிங்கமெனப் பேசியவரின் எழுத்து அதுவென்று நம்ப நமக்கே நேரம் பிடித்தது. விதி என்றோ, முற்பிறப்பின் வினை என்றோ சொல்லித் தம்மைத் தேற்றிக்கொள்ளும் வழியை அவர் தேடவில்லை.

பண்டரிபுரம் போய்க் கும்பிட வேண்டும் என்பது ரமாபாயின் ஆசை. கோயிலுக்கு வெளியே நிறுத்தப்படும் இடத்திற்கு நாம் ஏன் போக வேண்டும், வேறொரு பண்டரிபுரத்தை நாமே ஆக்குவோம் என்று கணவர் மறுத்துவிட்டார். 1935 மே 27இல் ரமாபாய் மறைந்தார். பாகிஸ்தான் பற்றி அம்பேத்கர் எழுதிய நூல் 1940இல் வெளிவந்தபோது அதன் முதல் ஏட்டில் ரமாபாயின் பெயர் இருந்தது. நண்பரற்று வறுமையில் உழன்ற நாட்களில் கலங்காது உடன் துன்புற்றவர் என்று கணவர் அங்கே எழுதியிருந்தார். ரமாபாய் கற்றிராத ஆங்கிலத்திலே அது அச்சாகியிருந்தது.