பயிரைத் தொடாமல் அளப்பது

வட்டையில் நிற்கிற ஒரு விவசாயியிடம் "வேளாண்மை எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். "குடலைக்கு வந்துட்டு" என்பார். சென்டிமீட்டரில் பதில் வராது. ஆனால் அதுவும் ஓர் அளவுதான். நாள், நிறம், தண்டின் பருமன் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. நெல்லின் பெயரிலேயே காலம் ஒட்டியிருப்பதையும் கவனியுங்கள். பிஜி 250 என்றால் இரண்டரை மாதம், பிஜி 300 மூன்று மாதம், பிஜி 352 மூன்றரை மாதம். பிஜி என்பது பத்தலகொட. சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் சிறுபோகத்துக்கு எதை விதைப்பது என்ற பேச்சில் இந்த எண்கள்தான் அடிபடும்.

ஆனால் எண் மொத்தக் காலத்தைத்தான் சொல்லும். அந்த நாட்களுக்குள் பயிர் எப்போது வேகமாக வளர்ந்தது, எப்போது நின்று போனது? இதை அளக்கப் போனவர்களின் கதை எங்களைப் போன்ற கலைப்பீட ஆட்களுக்கும் சுவையாகத்தான் இருக்கிறது.

ஸ்டீபன் ஹேல்ஸ் இங்கிலாந்துப் பாதிரியார். 1727இல் வெளியான தன் நூலில், இலையில் கால் அங்குல இடைவெளியில் ஊசியால் குத்திச் சிவப்பு அடையாளம் வைத்ததை எழுதினார். இலை பெருக்கப் பெருக்கப் புள்ளிகள் விலகின. பிறகு ஜெர்மனியில் சாக்ஸ் செடியின் நுனியில் நூல் கட்டி, அது ஏறுவதைச் சுழலும் உருளையில் எழுத வைத்தார்.

இந்தப் பக்கத்து ஆள் ஜகதீஷ் சந்திர போஸ். கல்கத்தாவில் அவர் உருவாக்கிய கிரெஸ்கோகிராஃபில் இரண்டு நெம்புகோல்கள். ஒன்று அசைவை 100 மடங்காக்கும், மற்றது அதை இன்னும் 100 மடங்காக்கும். ஆக 10,000 மடங்கு. புகை படிந்த கண்ணாடியில் புள்ளி புள்ளியாகக் கோடு விழும். லண்டனில் சிலர் நம்பவில்லை, "இது வளர்ச்சியே இல்லை" என்றார்கள். 1920இல் அவர் அங்கேயே செய்து காட்ட, பார்த்த விஞ்ஞானிகள் 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதி உறுதி செய்தார்கள். அதே வருடம் ராயல் சொசைட்டியிலும் சேர்த்துக்கொண்டார்கள். காலனி நாட்டுக்காரனின் கருவிக்கு மட்டும் இத்தனை சாட்சி தேவைப்பட்டதா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

இருந்தாலும் போஸின் கருவியும் செடியைத் தொட்டது, நீளத்தை மட்டும்தான் அளந்தது. முழுச் செடியும் வேண்டுமென்றால் பிடுங்கி, உலர்த்தி, நிறுக்க வேண்டும். அப்போது இன்று நிறுத்த செடி நாளைக்கு இல்லை. அடுத்த கிழமை நிறுப்பது வேறொரு செடியை. ஒரு செடியின் வளர்ச்சி என்று நாம் படித்த வரைபடங்களில் பல, செத்த பல செடிகளைக் கோர்த்துப் போட்டவை!

இங்கேதான் முப்பரிமாணப் படம் வருகிறது. ஐதராபாத்துக்குப் பக்கத்தில் பட்டன்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனத்தின் 'லீசிஸ்கேன்' பற்றி 2015இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. அங்கே செடி அசையாது, மேலே ஸ்கேனர்தான் நகரும். லேசர் கோடு இலையில் விழும், சாய்வாக இருக்கிற கமரா அந்தக் கோடு எவ்வளவு வளைகிறது என்று பார்க்கும். வளைவிலிருந்து உயரம் கிடைக்கும். இப்படிச் சேர்கிற புள்ளிகளில் இருந்து இலைப் பரப்பைக் கணிப்பார்கள். யாரும் தொடாமல், அதே செடி, மறுபடி மறுபடி. சில செடிகள் தராசிலும் நிற்கும். எந்த இலைப் பரப்பு எவ்வளவு தண்ணீரை விடுகிறது என்று அப்போது தெரியும். நோக்கம் வரட்சி. கடைசி வாய்க்காலுக்குத் தண்ணீர் வராத சிறுபோகத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று விளங்கும்.

ஆனால் இக்ரிசாட்டின் பயிர்கள் கம்பு, கொண்டைக்கடலை, நிலக்கடலை மாதிரியானவை. நெல் அதன் பட்டியலில் இல்லை. லேசருக்கும் குறை உண்டு: காற்றில் இலை ஆடினால் படம் குழம்பும், மேல் இலை மறைத்தால் கீழே இருப்பது தெரியாது. நெருக்கி விதைத்த நெல்லில் அடியில் வெடிக்கிற கிளைகளை மேலேயிருந்து எண்ணுவது லேசில் முடியாது. நம்ம வட்டையில் அதை இன்னும் சேற்றில் இறங்கி, கையால் பயிரை விலக்கித்தான் எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையை யாரும் எழுதி வைப்பதில்லை.