கப்பலைச் சிறைபிடிக்க நீதிமன்றம் எப்போது உத்தரவிடும்? சட்டம் கூறுவது என்ன?

கேரளக் கடற்பகுதியில் 2025 மே 25 அன்று 'எம்எஸ்சி எல்சா 3' என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. இது தொடர்பாக ரூ.9,531 கோடி இழப்பீடு கோரி மாநில அரசு வழக்குத் தொடுத்தது. அதையடுத்து, விழிஞ்ஞம் துறைமுகத்தில் இருந்த 'எம்எஸ்சி அகிடெட்டா 2' என்ற கப்பலைச் சிறைபிடிக்க அவ்வாண்டு ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. மூழ்கியது ஒரு கப்பல்; நிறுத்தப்பட்டது வேறொரு கப்பல். இதற்கு வழிசெய்வது 2017-ஆம் ஆண்டின் அட்மிரால்டி சட்டம்.

தண்டனை அல்ல, பிணை

வெளிநாட்டு உரிமையாளரின் கப்பல் துறைமுகத்தை விட்டுச் சென்றுவிட்டால், தீர்ப்புத் தொகையை வசூலிப்பது கடினம். எனவே, வழக்கு முடியும் வரை கோரிக்கைக்குப் பிணையாகக் கப்பல் நிறுத்திவைக்கப்படுகிறது. உரிமையாளர் உரிய பிணைத்தொகை செலுத்தினால் கப்பல் விடுவிக்கப்படும்.

ஆங்கிலேயர் காலச் சட்டங்களை நீக்கிய இந்தச் சட்டம், 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. சென்னை, மும்பை, கொல்கத்தா, கேரளம், குஜராத் உள்ளிட்ட கடலோர மாநிலங்களின் உயர்நீதிமன்றங்கள் தத்தம் எல்லைக்குட்பட்ட கடற்பரப்பில் உள்ள கப்பல்கள் மீது உத்தரவிடலாம்.

நிபந்தனைகள் என்னென்ன?

முதலாவதாக, கோரிக்கை சட்டப் பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டும். உயிரிழப்பு, சரக்குச் சேதம், மாலுமிகளின் ஊதியம், எரிபொருள் வழங்கிய கட்டணம், துறைமுகக் கட்டணம், கப்பல் அடமானம், சுற்றுச்சூழல் பாதிப்பு முதலியவை அதில் அடங்கும்.

இரண்டாவதாக, கோரிக்கை எழுந்தபோது கப்பலின் உரிமையாளராக இருந்தவர் அதற்குப் பொறுப்பானவராகவும், சிறைபிடிக்கும்போதும் அவரே உரிமையாளராகவும் இருக்க வேண்டும். அடமானம், பற்றுரிமை போன்றவற்றுக்குத் தனி விதிகள் உண்டு.

தொடர்புடைய கப்பலுக்குப் பதிலாக, பொறுப்பாளருக்குச் சொந்தமான வேறு கப்பலையும் பிணைக்காகச் சிறைபிடிக்கலாம். எனினும், கப்பலின் உரிமை குறித்த தகராறுகளுக்கு இது பொருந்தாது. போர்க்கப்பல்கள், அரசின் வணிகம் சாராத கப்பல்கள் ஆகியவற்றுக்கு இச்சட்டத்திலிருந்து விலக்கு உண்டு.

மாலுமிகளுக்கு முதலிடம்

பற்றுரிமை வரிசையில் மாலுமிகளின் ஊதியமே முதலில் வருகிறது. உயிரிழப்பு மற்றும் காயத்துக்கான இழப்பீடு அடுத்து வருகிறது. கப்பல் கைமாறினாலும் பற்றுரிமை நீடிக்கும். ஆனால், பொதுவாக ஓராண்டிலும், ஊதியத்துக்கு 2 ஆண்டுகளிலும் அது காலாவதியாகிவிடும். ஆகவே காலதாமதம் உரிமையை இழக்கச் செய்யலாம்.

சரக்கைச் சிறைபிடிக்க முடியுமா?

'கைது' என்பதற்கு இச்சட்டம் தரும் வரையறை கப்பலை மட்டுமே குறிக்கிறது. சரக்கை முடக்க விரும்புவோர், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 38-ஆவது கட்டளையின்கீழ், தீர்ப்புக்கு முன்பான ஜப்தி கோரலாம். தீர்ப்பை நிறைவேற்றவிடாமல் தடுக்கும் நோக்கில் எதிர்த்தரப்பு சொத்தை அகற்றவோ விற்கவோ முனைகிறது என்று நீதிமன்றத்தை நம்பச் செய்வது இதற்கு அவசியம்.

தவறான சிறைபிடிப்புக்குப் பொறுப்பு

நிறுத்தப்பட்ட ஒவ்வொரு நாளும் உரிமையாளருக்கு இழப்பு. சிறைபிடிப்பு தவறானது அல்லது நியாயமற்றது எனத் தெரியவந்தால் இழப்பை ஈடுசெய்வதாக, மனுதாரரிடம் நீதிமன்றம் உறுதிமொழி பெறலாம். உத்தரவை எதிர்த்து இரு நீதிபதிகள் அமர்வில் மேல்முறையீடு செய்யலாம்.

கோரும் தொகை முழுவதும் பிணையாகிவிடுவதில்லை. எல்சா வழக்கில், 2025 செப்டம்பரில் நீதிமன்றம் நிர்ணயித்த பிணைத்தொகை சுமார் ரூ.1,227 கோடி.