எலியின் பதற்றத்தை அளந்த வரலாறு

பட்டாசு விபத்தில் தீக்காயம் பட்டவர்களை எங்கள் காரியாபட்டி, சிவகாசிப் பக்கத்தில் பலரும் அறிவோம். புண் ஆறிய பிறகும் சிலருக்கு வலி போவதில்லை. கூடவே பதற்றமும் தூக்கமின்மையும் சேர்ந்துகொள்கின்றன. இந்தப் பதற்றத்திற்குக் காரணம் வலியா, விபத்தின் அதிர்ச்சியா, வேலை போன கவலையா? மனிதரிடம் இவற்றைப் பிரித்துப் பார்ப்பது கடினம். அதனால்தான் ஆய்வாளர்கள் எலியிடம் போனார்கள். ஆனால் எலி வாய் திறந்து சொல்லாதே!

1934-ல் அமெரிக்காவின் கால்வின் ஹால், எலியைத் திறந்த வட்ட அரங்கில் விட்டு, அது போடும் புழுக்கையையும் சிறுநீரையும் வைத்து அதன் பயத்தை மதிப்பிட்டார். எலிகள் திறந்த, உயரமான பாதைகளைத் தவிர்க்கின்றன என்று 1955-ல் மாண்ட்கோமரி காட்டினார். அதிலிருந்து வந்ததுதான் கூட்டல் குறி வடிவ மேடை. தரையிலிருந்து சுமார் அரை மீட்டர் உயரம். இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்கு இல்லை. பயந்த எலி சுவருக்குள்ளேயே இருக்கும். டயஸிபாம் போன்ற மருந்து கொடுத்தால் திறந்த கைக்கு அதிகம் வரும் என்பதை 1985-ல் பெல்லோ, ஃபைல் குழுவினர் உறுதிசெய்தார்கள்.

1988-ல் பென்னட்டும் ஷியேயும் எலியின் தொடைப் பகுதியில் சியாட்டிக் நரம்பைத் தளர்வாகக் கட்டி நாள்பட்ட வலியை உண்டாக்கினார்கள். இரண்டையும் சேர்த்தபோது ஒரு சிக்கல் வந்தது. திறந்த கைக்கு எலி போகாதது பயத்தாலா, கால் வலியாலா? எனவே எலி மொத்தம் எவ்வளவு நடந்தது என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சுவருள்ள கைகளில் வழக்கம்போல் நடமாடி, திறந்த கைகளை மட்டும் தவிர்த்தால்தான் அது பதற்றத்தின் அடையாளம்.

காலமும் முக்கியம். வலி தொடங்கிச் சில வாரங்கள் கழித்தே பதற்றம் தோன்றுவதை 2011-ல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் குழு சுண்டெலிகளில் கண்டது. நம் நாட்டில், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ர சட்டர்ஜி குழு வலிக்குப் பதில் மன அழுத்தத்தை ஆராய்ந்தது. தினம் 2 மணி நேரம், 10 நாட்கள் எலிகளை அசையாமல் வைத்தார்கள். 21 நாள் ஓய்வுக்குப் பிறகும் பதற்றம் குறையவில்லை என்று 2004-ல் எழுதினார்கள். காரணம் நீங்கினாலும் விளைவு நீங்குவதில்லை!

இத்தனைக்குப் பிறகும் ஆய்வாளர்கள் "பதற்றம்" என்று எழுதுவதில்லை, "பதற்றம் போன்ற நடத்தை" என்றே எழுதுகிறார்கள். எலியின் மனதுக்குள் யாரும் போய்ப் பார்த்ததில்லை அல்லவா? அதே சமயம், சொல்ல முடியாததால் மட்டும் மனிதருக்கோ விலங்குக்கோ வலி இல்லை என்று ஆகிவிடாது என்பதை உலக வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் தன் விளக்கத்தில் சேர்த்தது. "புண்தான் ஆறிவிட்டதே, இன்னும் என்ன?" என்று கேட்பவர்களும் இதை நினைத்துப் பார்க்கலாம்.