போஸ்ட் டாக் வேட்டையும் வெங்கி எழுதிய கடிதமும்

போன மாசம் பூதப்பாண்டிக்குப் போயிருந்தேன். அத்தைக்கு ஒரே விசாரம். "லே மக்கா, அவன் டாக்டர் பட்டம் வாங்கியாச்சுல்லா? பொறவும் என்னத்துக்குடே படிக்கப் போணும்ங்கான்?"

அத்தை மகன் வேதியியலில் முனைவர். ஏழு மாசமாக வெளிநாட்டில் போஸ்ட் டாக் தேடுகிறான். இது படிப்பு இல்லை அத்தே, இன்னொருத்தர் ஆய்வகத்தில் ரெண்டு மூணு வருஷம் சம்பளத்துக்கு ஆராய்ச்சி, ஆனா நிரந்தரம் கிடையாது என்றேன். அமெரிக்காவில் இந்த ஏற்பாடு காலூன்றியது 1919-ல். ராக்கஃபெல்லர் அறக்கட்டளைப் பணத்தில் அங்குள்ள தேசிய ஆராய்ச்சிக் குழு இளம் முனைவர்களுக்கு உதவித்தொகை கொடுக்க ஆரம்பித்தது.

சாயங்காலம் பழையாற்றங்கரையில் பயல் உண்மையைச் சொன்னான். நூற்றி முப்பது மின்னஞ்சல். எல்லாம் ஒரே வாசகம், பேராசிரியர் பெயர் மட்டும் மாறும். வந்த பதில் ரெண்டு. ரெண்டும் 'இடமில்லை'. எனக்கு வெங்கி ஞாபகம் வந்தது.

வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், 1952-ல் சிதம்பரத்தில் பிறந்தவர். 1976-ல் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முனைவர் ஆனார். மனசு உயிரியலில். சான் டியாகோவில் மறுபடி மாணவராகவே சேர்ந்தார். அப்போது 'சயின்டிபிக் அமெரிக்கன்' இதழில் யேல் பல்கலைக்கழகத்தின் எங்கெல்மேனும் பீட்டர் மூரும் எழுதிய ரைபோசோம் கட்டுரையைப் படித்தார். நியூட்ரான்களைச் சிதறவிட்டு, ரைபோசோமின் சிறிய பாகத்திலுள்ள 21 புரதங்களும் எங்கெங்கே இருக்கின்றன என்று அளக்கிற வேலை. இயற்பியல் தெரிந்து, உயிரியலும் கற்ற ஆளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. எங்கெல்மேனுக்குக் கடிதம் எழுதினார். இடம் கிடைத்தது மூரிடம்! 1978-ல் போய்ச் சேர்ந்தார்.

கதை இதோடு சுபம் இல்லை. யேலுக்குப் பிறகு ஏறக்குறைய 50 பல்கலைக்கழகங்களுக்கு ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தார். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. 1983 முதல் 1995 வரை புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் வேலை. அந்தச் சிறிய பாகத்தின் அணு அளவிலான அமைப்பை 2000-ல் வெளியிட்டார். 2009-ல் நோபல்.

எனவே, நல்ல போஸ்ட் டாக் கிடைத்தால் வாழ்க்கை செட்டில் என்று யாரும் அத்தையிடம் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் கதவு எப்படித் திறந்தது என்று பாருங்கள். ஆளைத் தேடவில்லை, வேலையைத் தேடினார். முதலில் படித்தார், அப்புறம்தான் எழுதினார்.

பயலிடம் சொன்னேன்: "எட்டே பேரை எடு. ஒவ்வொருத்தர் கட்டுரையும் முழுசா வாசி. அவங்க எங்க முட்டி நிக்காங்க, உன் கைவசமுள்ள எந்த உத்தி அங்க உதவும், ரெண்டு பத்தியில எழுது. போதும்."

நேற்று போன் பண்ணினான். எட்டில் ஒருவர் ஜெர்மனியிலிருந்து, "உன் யோசனையைப் பற்றிப் பேசலாம்" என்று எழுதியிருக்கிறாராம். வேலை இன்னும் வரவில்லை, பேச்சு வந்திருக்கிறது.

அத்தை போனைப் பிடுங்கிக் கேட்டாள். "அங்க சோறு கிடைக்குமாடே?"