ஒஷினுக்கு ஒரு மூட்டை அரிசி

எங்கள் அம்மாமாருக்கு ஜப்பான் என்றால் ஒஷின்தான். எண்பதுகளின் பிற்பகுதியில் ரூபவாஹினியில் சிங்களம் பேசிக்கொண்டு வந்த அந்தப் பிள்ளையின் பெயரை இப்போது சொன்னாலும், 'ஐயோ, அந்தப் பனியில நடப்பாளே!' என்பார்கள். அக்கரப்பத்தனைப் பக்கத் தோட்டங்களில் அப்போது லயத்துக்கு ஒரு டீவி இருந்தாலே பெரிய விஷயம். கரண்ட் இல்லாத இடத்தில் கார் பெட்டரியில் ஓடும். சிங்களம் பாதிதான் விளங்கும். ஆனாலும் யாரும் எழும்பிப் போகவில்லையாம்.

கம்பஸ் லீவில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து அதைப் பார்த்தோம். முழுசாக இல்லை. 15 நிமிடப்படி 297 பாகங்களை யார் பார்ப்பது? சின்ன ஒஷின் வரும் பாகங்களை மட்டும் பார்த்தோம். சுகாகோ ஹஷிதா எழுதி, 1983 ஏப்ரல் தொடங்கி ஒரு வருஷம் ஜப்பானின் என்எச்கேயில் போன நாடகம் இது.

யமகத்தா மலைநாட்டில் குத்தகை நிலம் செய்யும் குடும்பம். வீட்டில் முள்ளங்கி கலந்த சோறு, அதுவும் போதாது. ஏழு வயதில் ஒஷினை மர வியாபாரி வீட்டுக்கு வேலைக்கு அனுப்புகிறார்கள். ஒரு வருஷ வேலைக்குக் கூலி ஒரு மூட்டை அரிசி. அதையும் முன்னாலேயே கொடுத்துவிடுகிறார்கள். அதனால் பிள்ளை நினைத்தபடி திரும்பி வர முடியாது. அங்கே 50 சென் காசைத் திருடியதாகப் பழி விழுந்ததும், பனியில் இறங்கி ஓடுகிறாள்.

அந்த அரிசி மூட்டையைப் பார்த்ததும் எங்களுக்குத் துண்டு ஞாபகம் வந்தது. ஒஷின் பிறந்தது 1901 என்பது கதை. அவள் வேலைக்குப் போன அதே காலத்தில் இங்கே பெரிய கங்காணிமார் ஆட்களைக் கடனோடுதான் கூட்டிவந்தார்கள். வழிச்செலவு, சாப்பாடு எல்லாம் கடன் கணக்கில் ஏறும். தோட்டம் மாற வேண்டுமென்றால் அந்தக் கடன் ஒரு துண்டில் எழுதப்படும். புதுத் தோட்டம் அதைக் கட்டினால்தான் ஆள் நகரலாம். 1921இல் சட்டம் போட்டு இதை நிறுத்தினார்கள். முன்பணம் வாங்கியவன் கால் கட்டப்பட்டவன் என்ற கணக்கு யமகத்தாவிலும் இங்கேயும் ஒன்றுதான்.

ஆனால் பிள்ளைகளை வீட்டு வேலைக்கு அனுப்புவதை எந்தத் துண்டிலும் எழுதவில்லை. 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் ஆட்கள் பட்டினியால் செத்தார்கள். நாங்கள் படித்த பாடப் புத்தகத்தில் அது ஒரு வரிகூட இல்லை. அந்தக் காலத்தில் டவுன் வீடுகளுக்கும் கடைகளுக்கும் போன பிள்ளைகளைப் பற்றி லயங்களில் கேட்டால்தான் தெரியும். அது பழங்கதையும் இல்லை. 2021 ஜூலையில், எங்களுக்குப் பக்கத்து டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, கொழும்பில் வேலை செய்த வீட்டிலிருந்து தீக்காயங்களோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டு இறந்தாள். புதைத்த உடலை அதே மாதம் மறுபடி தோண்டி எடுத்தார்கள். அப்போது நாங்கள் ஓ/எல், ஏ/எல் படித்துக்கொண்டிருந்தோம். எங்கள் வயதுக்காரி.

நாடகத்தோடு எங்களுக்கு ஒரு கோபமும் இருக்கிறது. ஒஷின் பொறுத்துப் பொறுத்துக் கடைசியில் பல கடைகளுக்குச் சொந்தக்காரி ஆகிறாள். பொறுமைக்குக் கூலி கிடைக்குமென்றால் எங்கள் அம்மாயிமார் தோட்டத்தையே வாங்கியிருக்க வேண்டும்.

இன்னொன்று. ரூபவாஹினி 1982இல் ஜப்பான் உதவியோடுதான் தொடங்கியது. நுவரெலியாவுக்கு மேலே பிதுருதாலகால மலையில் அதன் கோபுரம் நிற்கிறது. எங்கள் மலையிலிருந்தே ஜப்பான்காரப் பிள்ளையின் கதை நாடு முழுக்கப் போயிருக்கிறது. மலைக்குக் கீழே லயத்தில் இருந்த பிள்ளையின் கதை எதில் போனது?

ஒஷின் தெப்பத்தில் ஏறி வீட்டைவிட்டுப் போகும் இடத்தில், எங்களில் ஒருத்தியின் அம்மாயி எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டார். தேத்தண்ணி போடப் போகிறார் என்றுதான் நினைத்தோம். ராத்திரிதான் சொன்னார்: '74ல பெரியவளை கண்டிக்கு அனுப்புனோம். ஒம்பது வயசு.' மாதம் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டோம். 'காசு எங்க? அங்க சோறு கெடைக்கும்னுதான்.' எத்தனை வருஷம் அங்கே இருந்தார் என்பது அவருக்கு ஞாபகம் இல்லை. பெரியம்மா இப்போது அட்டனில் இருக்கிறார். இன்னும் போய்க் கேட்கவில்லை.