புகார் சொல்லும் உரிமை வந்த கதை

இங்கிலாந்தில் தனியா இருக்கிற அம்மா அப்பாவுக்கு கவுன்சில் பராமரிப்பு சரியில்லன்னா யாரிடம் சொல்றதுன்னு சில குடும்பங்கள் எங்களிடம் கேட்டாங்க. தேடிப் படித்தோம்.

அங்கே முதியோர் இல்லப் பொறுப்பை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சில்களிடம் கொடுத்தது. ஆனா, ஏழைகளை அடைச்சு வேலை வாங்கிய பழைய கட்டடங்களிலேயே பல முதியவர்கள் கிடந்ததை 1962-இல் பீட்டர் டவுன்சென்ட் எழுதிக் காட்டினார். கவுன்சில்களை விசாரிக்கும் குறைகேள் அதிகாரி 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தார். அதிலும் வேடிக்கை: புகாரை முதலில் அதே கவுன்சிலின் உறுப்பினர் ஒருவர் வழியாத்தான் அனுப்பணும்! படுக்கையில் கிடக்கும் பாட்டி யாரைத் தேடிப் போவாங்க? நேரா எழுதும் உரிமை கிடைக்க 1988 ஆச்சு. சொந்தக் காசில் தனியார் இல்லத்தில் இருந்தவங்க 2010 வரை காத்திருந்தாங்க.

இப்போ முதலில் கவுன்சிலிடம், பொதுவா 12 மாதத்துக்குள் சொல்லணும். பதில் திருப்தி இல்லன்னா குறைகேள் அதிகாரியிடம் போகலாம், கட்டணம் கிடையாது. பெற்றோர் சம்மதித்தால் பிள்ளைகளே அவங்க சார்பில் எழுதலாம்.