எழுதிவைத்த பதில்

வாப்பாவின் சில்லறைக் கடையில் ஒரு கடன் கொப்பி இருந்தது. சிவப்பு மட்டை போட்ட நீளக் கொப்பி. அரிசி, சீனி, மண்ணெண்ணெய் என்று கடனுக்குக் கொண்டுபோகிறவர்களின் பெயரும் திகதியும் தொகையும் அதில் ஏறும். ஒருநாள் ஒருவர் வந்து, தான் அந்தக் கடனை வாங்கவே இல்லை என்று சத்தம்போட்டார். வாப்பா பதிலுக்குச் சத்தம்போடவில்லை. கொப்பியைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டு மூடி வைத்தார். அவர் போன பிறகு, "கொப்பி சண்டை புடிக்காது மகன். அது பாத்துக்கிட்டு இரிக்கும்" என்றார்.

பாராளுமன்ற உறுப்பினர்கள் எழுத்துமூலம் கேட்கும் கேள்விகளைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் கொப்பிதான். பாராளுமன்றம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது ஆவேசமான உரைகள்தாம். உரைக்குக் கைதட்டல் கிடைக்கும். மறுநாள் பத்திரிகையில் தலைப்புக் கிடைக்கும். ஆனால் உரைக்கு அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. கேள்வி அப்படியல்ல. அது அமைச்சரின் மேசைக்குப் போகிறது. அங்கிருந்து ஓர் உத்தியோகத்தரின் மேசைக்குப் போகிறது. யாரோ ஒருவர் கோவையைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. பின்னர் அமைச்சரின் பெயரில் ஒரு பதில், திகதியோடு, ஹன்சாட்டில் அச்சேறுகிறது.

இந்த மரபு பிரித்தானியாவில் தொடங்கியது. 1721ஆம் ஆண்டு, தென்கடல் கம்பனியின் பங்குகள் சரிந்து ஏராளமானோர் கைப்பொருளை இழந்திருந்த நேரத்தில், அக்கம்பனியின் தலைமைக் காசாளர் நாட்டைவிட்டு ஓடிப்போனார். அவர் பிரசல்ஸில் பிடிபட்டார் என்ற செய்தி உண்மையா என்று கூப்பர் பிரபு பிரபுக்கள் சபையில் அரசாங்கத்தைக் கேட்டார். பதிவாகியுள்ள முதலாவது பாராளுமன்றக் கேள்வி அதுவே என்பர். மக்களின் பணத்துக்கு என்ன நடந்தது என்ற விடயத்திலேயே கேள்வி நேரத்தின் வரலாறு தொடங்குகிறது என்பது கவனிக்கத்தக்கது. கேள்விகள் பெருகி நேரம் போதாமற் போகவே, 1902இல் பொதுமக்கள் சபை ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தது. வாய்மூல விடை வேண்டுமானால் கேள்விக்கு நட்சத்திரக் குறி இட வேண்டும். குறி இல்லாதவற்றுக்கு எழுத்துமூல விடை அச்சிலே வரும். நமது அரசாங்க சபையும் பின்னர் வந்த பாராளுமன்றமும் கேள்வி கேட்கும் மரபை இந்த வழியில்தான் பெற்றுக்கொண்டன.

எழுத்துமூல விடைக்கு மேடை இல்லை, ஆரவாரம் இல்லை. அப்படியிருந்தும் ஓர் அரசாங்கத்தை அது எவ்வளவு தூரம் துரத்திச் செல்லும் என்பதற்கு ஓர் உதாரணத்தை இங்கு சொல்ல விரும்புகிறேன். அது நமக்குத் தூரத்து விடயமல்ல.

1980 செப்டெம்பரில் ஈராக்கும் ஈரானும் போருக்கு இறங்கின. எட்டு ஆண்டுகள் நீடித்த போர் அது. இரவில் பீ.பீ.சி. தமிழோசை கேட்பதற்கென்றே எங்கள் கடை வாங்கில் நாலைந்து பேர் கூடுவார்கள். செய்தி முடிந்ததும் வாதம் தொடங்கும். ஒருவர் ஈரானுக்குப் பேசுவார், ஒருவர் ஈராக்குக்கு. வாப்பாவின் கூட்டாளி ஒருவர் மட்டும் எந்தப் பக்கமும் சேராமல் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்பார்: "ரெண்டு பக்கமும் கலிமாச் சொல்லித்தான் மவுத்தாகிறான். துவக்கு விக்கிறவன் ஆரு?"

அதே கேள்வியைப் பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர்கள் வேறு சொற்களில் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை நான் பல ஆண்டுகள் கழித்தே அறிந்துகொண்டேன்.

பிரித்தானிய அரசாங்கம் 1984இன் இறுதியில் சில வழிகாட்டல்களை வகுத்துக்கொண்டது. உயிர்கொல்லும் தளபாடங்களை இரு தரப்புக்கும் விற்பதில்லை. போரை நீடிக்கச் செய்யும் அல்லது மோசமாக்கும் வகையில் எத்தரப்பினதும் வலிமையைக் கணிசமாக உயர்த்தக்கூடிய பாதுகாப்புத் தளபாடங்களுக்கும் இனி அனுமதி வழங்குவதில்லை என்பது அவற்றின் சாரம். வெளிநாட்டமைச்சர் ஜெப்ரி ஹவ் இவற்றை 1985 ஒக்டோபர் 29ஆம் திகதி ஓர் எழுத்துமூல விடையாகவே சபைக்கு அறிவித்தார். கொப்பியில் முதல் வரி ஏறிவிட்டது.

1988 மார்ச்சில் ஹலப்ஜாவில் குர்திய மக்கள்மீது சதாமின் படைகள் இரசாயனக் குண்டுகளை வீசின. பெண்களும் குழந்தைகளுமாக ஆயிரக்கணக்கானோர் வீதிகளிலும் வீட்டு வாசல்களிலும் மடிந்தனர். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் போர்நிறுத்தம் வந்தது. ஈராக் மீளக் கட்டியெழுப்பப்படப் போகிறது, பெரிய சந்தை திறக்கப் போகிறது என்ற எதிர்பார்ப்பும் கூடவே வந்தது. டிசம்பரில் வெளிநாட்டமைச்சு, வர்த்தக அமைச்சு, பாதுகாப்பு அமைச்சு ஆகியவற்றின் இராஜாங்க அமைச்சர்களான வில்லியம் வோல்ட்கிரேவ், அலன் கிளார்க், ட்ரெப்கார்ன் பிரபு ஆகிய மூவரும் கூடி, வழிகாட்டலின் முக்கிய வாசகத்தைத் தளர்த்திக்கொண்டார்கள். போர்நிறுத்தத்தை மீறித் தாக்குவதற்கு நேரடியாகவும் கணிசமாகவும் உதவும் பொருட்களை மட்டும் தடுத்தால் போதும் என்பது புதிய வாசகம். 1989 பெப்ரவரியில் ருஷ்டி விவகாரம் எழுந்து ஈரானுடனான உறவு முறிந்ததும், ஈரானுக்குக் கடுமை, ஈராக்குக்குத் தளர்வு என்று நடைமுறை மாறியது.

இந்த மாற்றம் பாராளுமன்றத்துக்கு அறிவிக்கப்படவில்லை. குர்தியர்களுக்கு நேர்ந்ததைக் கண்டித்துப் பேசிய கையோடு ஆயுத விற்பனையைத் தளர்த்தினால் பார்ப்பவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற கவலை வெளிநாட்டமைச்சின் உள்குறிப்பு ஒன்றில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருந்தது. ஹலப்ஜாவின் மையித்துகள் அவர்களுக்கு ஒரு சங்கடமாகத் தெரிந்தன. விற்பனையை நிறுத்துவதற்கான காரணமாகத் தெரியவில்லை.

ஆனால் கேள்விகள் நிற்கவில்லை. 1989 முழுவதும் உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாதாரண வாக்காளர்கள் தங்கள் உறுப்பினருக்குக் கடிதம் எழுதினார்கள்; உறுப்பினர்கள் அதை அமைச்சருக்கு அனுப்பினார்கள். அரசாங்கத்தின் கொள்கை மாறவில்லை என்று அமைச்சர்கள் சபையிலும் கடிதங்களிலும் பதிலளித்தார்கள். கேட்டவர்களுக்கு அப்போது கிடைத்தது அவ்வளவுதான். அன்று யாராவது கணக்குப் பார்த்திருந்தால், இத்தனை கேள்விகளாலும் எந்தப் பிரயோசனமும் இல்லை என்றே சொல்லியிருப்பார்கள்.

1990 ஆகஸ்ட் 2ஆம் திகதி சதாமின் படைகள் குவைத்துக்குள் நுழைந்தன. வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போயிருந்த பல்லாயிரக்கணக்கான இலங்கையர்கள் அங்கே அகப்பட்டுக்கொண்டார்கள். மறுநாள் இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வாரம் கிழக்கில் நாங்கள் வானொலியைக் கேட்கும் நிலையில் இருக்கவில்லை. எங்கள் ஜனாஸாக்களை எண்ணிக்கொண்டிருந்தோம்.

பிரித்தானியாவில் கதை எதிர்பாராத ஓர் இடத்தில் திரும்பியது. கொவன்ட்ரி நகரில் மற்றிக்ஸ் சேர்ச்சில் என்றொரு நிறுவனம் கடைசல் இயந்திரங்களைச் செய்துவந்தது. ஈராக்கியர்கள் வாங்கிவிட்டிருந்த நிறுவனம் அது. அதன் இயந்திரங்கள் ஈராக்கில் எறிகணைகளுக்கான உதிரிகளைக் கடைந்தன. இயந்திரங்களின் பயன்பாட்டைப் பற்றிப் பொய்சொல்லி ஏற்றுமதி அனுமதி பெற்றார்கள் என்று அந்நிறுவனத்தின் நிர்வாகிகள் மூவர்மீது சுங்கத் திணைக்களம் வழக்குத் தொடர்ந்தது. அரசாங்கத்துக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது என்பது எதிர்த்தரப்பின் வாதம். நிர்வாகிகளில் ஒருவர் பிரித்தானிய உளவுத்துறைக்கே தகவல் கொடுத்து வந்தவர். பொதுநலன் கருதி ஆவணங்களை வெளியிடக் கூடாது என்று அமைச்சர்கள் சான்றிதழ்களில் கையொப்பமிட்டார்கள். நீதிபதியோ ஆவணங்களைத் தரும்படி கட்டளையிட்டார். 1992 நவம்பரில் சாட்சிக் கூண்டில் ஏறிய அலன் கிளார்க், இயந்திரங்களின் சமாதானப் பயன்பாட்டை வலியுறுத்தும்படி தாமே உற்பத்தியாளர்களுக்குச் சொன்னதையும், அது முழு உண்மையல்ல என்பதையும் ஒப்புக்கொண்டார். வழக்குச் சரிந்தது. பிரதமர் ஜோன் மேஜர், நீதிபதி ரிச்சர்ட் ஸ்கொட் தலைமையில் விசாரணையொன்றை நியமிக்க வேண்டியதாயிற்று.

இங்கேதான் பழைய கேள்விகள் உயிர்பெற்றன. ஸ்கொட் செய்த வேலையின் ஒரு பெரும்பகுதி மிக எளிமையானது. ஹன்சாட்டில் அச்சான பதில்களை ஒரு பக்கம் வைத்தார். அதே நாட்களில் அமைச்சுகளுக்குள் எழுதப்பட்ட குறிப்புகளை மறுபக்கம் வைத்தார். இரண்டையும் வரிவரியாக ஒப்பிட்டார். இன்ன திகதியில் இன்ன அமைச்சர் இதைச் சொன்னார். அதே அமைச்சின் கோவை அன்றைக்கு இதைச் சொல்கிறது. கேள்வி கேட்கப்படாமல் இருந்திருந்தால் பதில் இருந்திருக்காது. பதில் இல்லாவிட்டால் ஒப்பிடுவதற்கு எதுவும் இருந்திருக்காது. மௌனமாக இருந்தோம் என்று சொல்லி அரசாங்கம் தப்பியிருக்கும். உண்மையல்லாததை எழுதிக் கொடுத்தது என்று நிறுவ முடிந்தது அந்தக் கேள்விகளால்தான்.

விசாரணையில் சாட்சியமளித்த ஓர் உயர் அதிகாரி, பாதிப் படமும் உண்மையாக இருக்க முடியும் என்று கூறினார். பதில்களை எழுதும் கலையின் இரகசியம் முழுவதும் அந்தக் கூற்றில் இருக்கிறது. பொய் சொல்ல வேண்டியதில்லை. பாதியைச் சொன்னால் போதும். கேட்டவர் திருப்தியோடு போய்விடுவார். கோவையை மாற்றவில்லை, அதற்குப் பொருள்கொள்ளும் விதத்தைத்தான் சற்று மாற்றினோம் என்பது அரசாங்கத் தரப்பின் நியாயம். ஸ்கொட் அந்த நியாயத்தை ஏற்கவில்லை.

1996 பெப்ரவரி 15ஆம் திகதி அறிக்கை வெளிவந்தது. ஐந்து தொகுதிகள், 1,800 பக்கங்களுக்கு மேல். பாராளுமன்றத்துக்கு அளிக்கப்பட்ட விடைகள் நடைமுறையிலிருந்த கொள்கையைத் தெரிவிக்கத் தவறின என்றும், அத்தவறு வேண்டுமென்றே செய்யப்பட்டது என்றும் அது கூறியது. வோல்ட்கிரேவின் கடிதங்கள் பிழையான கருத்தைத் தந்தன என்று கூறிய ஸ்கொட், அவருக்கு ஏமாற்றும் எண்ணம் இருக்கவில்லை என்பதையும் ஏற்றுக்கொண்டார். அமைச்சர்கள் அறிக்கையை நாட்கணக்கில் வைத்துப் படித்தார்கள். எதிர்க்கட்சியின் ரொபின் குக்குக்குக் கிடைத்தது சில மணித்தியாலங்கள். அவர் அதற்குள் படித்துவிட்டு வந்து பேசிய விதத்தைப் பற்றி இன்றும் சொல்வார்கள். 26ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பில் அரசாங்கம் 320க்கு 319 என்று ஒரே ஒரு வாக்கினால் தப்பியது. அறிக்கைக்காக எந்த அமைச்சரும் பதவி விலகவில்லை.

இதை வெற்றி என்று சொல்லலாமா? எனக்கு இன்னும் தயக்கம்தான். கேள்விகளால் மட்டும் உண்மை வெளிவரவில்லை. ஆவணங்களைத் திறக்கச் சொல்ல ஒரு நீதிபதி தேவைப்பட்டார். எல்லாம் வெளிவந்தபோது ஹலப்ஜா நடந்து எட்டு வருடங்கள் கடந்துவிட்டன. ஆனால் 1997 மார்ச்சில் இரு சபைகளும் ஒரு தீர்மானம் நிறைவேற்றின: அமைச்சர்கள் பாராளுமன்றத்துக்குச் சரியான, உண்மையான தகவலைத் தர வேண்டும், தெரிந்தே தவறாக வழிநடத்தியவர் பதவி விலக முன்வர வேண்டும். அதற்கு முன்னர் வழக்கமாக மட்டும் இருந்தது இப்போது சபையின் எழுத்தில் ஏறியது. 2000ஆம் ஆண்டில் தகவல் சுதந்திரச் சட்டமும் அங்கே நிறைவேறியது.

நமது நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அமைச்சர் அவகாசம் கேட்கக் கேட்கக் கேள்வி ஒத்திப்போவதை நாம் நம் பாராளுமன்றத்தில் பார்த்துப் பழகியிருக்கிறோம். அதனால்தானோ என்னவோ, நமது சமூகம் தன் பிரதிநிதிகளை அவர்களின் உரைகளைக் கொண்டே அளக்கிறது. யார் எவ்வளவு சூடாகப் பேசினார் என்று கேட்கிறோம். காணி போனவர்களுக்காக, 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்காக, பள்ளிவாசலில் மாண்டவர்களின் குடும்பங்களுக்காக அவர் எத்தனை கேள்விகளை எழுதிக் கொடுத்தார், எத்தனை பதில்களை எழுத்தில் வாங்கினார் என்று கேட்பதில்லை. பதில் திருப்தியில்லாவிட்டால் அடுத்த மாதம் அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டாரா என்றும் பார்ப்பதில்லை. பாதிப் பதிலாக இருந்தாலும், பொய்ப் பதிலாக இருந்தாலும் அது அச்சில் இருக்கட்டும். பின்னால் ஒருவர் வந்து அதைக் கோவையின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

வாப்பாவும் மவுத்தாகிவிட்டார், வாங்கில் இருந்து கேள்வி கேட்ட அவருடைய கூட்டாளியும் போய்விட்டார். ஸ்கொட் அறிக்கையைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. சொல்லியிருந்தால், "அப்ப ஆரு வித்தானெண்டு எழுதிப்போட்டானா?" என்று கேட்டிருப்பார். எழுதிவிட்டார்கள் காக்கா. துவக்கைச் செய்யும் இயந்திரத்தை விற்றவனின் பெயரும், அதற்குக் கையொப்பம் வைத்தவனின் பெயரும், இல்லை என்று சபையில் சொன்ன திகதியும் எல்லாமே எழுத்தில் இருக்கின்றன.